கெட்டிக்கிற கை

நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சுடுவது அதில் மிகச் சின்ன வேலை. விசையை இழுக்க ஒரு நொடி போதும். கெட்டிப்பதற்குத்தான் பொழுது வேண்டும், பொறுமை வேண்டும், வியர்க்காத கை வேண்டும். குழலை நிமிர்த்திப் பிடித்து, கருமருந்தை உள்ளங்கையில் கொட்டி, கண்ணாலேயே அளந்து இறக்கி, மேலே அடைத்து, இரும்புக் கம்பியால் குத்தி இறுக்கி, பிறகு குண்டுகளை விட்டு மறுபடியும் அடைக்க வேண்டும். கம்பி அடியில் போய் முட்டும் ஓசை முதலில் மெத்தென்று இருக்கும். இறுக இறுக அது கெட்டிப்பட்டு வரும். ஓசை மாறுகிற இடத்தைக் காதால் பிடிப்பதுதான் வித்தை என்று சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு பெரியவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். “மருந்து ஏமாத்தாது தம்பி, அவசரந்தான் ஏமாத்தும்” என்பார். விரலிடுக்கில் கந்தகமும் கரியும் கலந்த நெடி நாள் முழுக்க நிற்கும். என்னை உறுத்துவது அந்தக் கம்பியின் ஓசைக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவில் கிடக்கும் நேரம். கெட்டிக்கும்போது எதிரே முயலும் இல்லை, பன்றியும் இல்லை. கோபம் இல்லை, பயம் இல்லை, கண்ணுக்குக் கண் பார்த்த பதற்றம் இல்லை. எந்த உயிர் என்று தெரியாத ஓர் உயிருக்கான சாவை ஒரு மனிதன் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகத் தயார் செய்கிறான். மீதமிருப்பது அந்த உயிர் வந்து குழலின் முன்னால் நிற்பது மட்டும். அப்படியானால் கொலை எங்கே நடந்தது, காட்டிலா, திண்ணையிலா?

இந்தக் கேள்வி தனியாக வந்திருந்தால் ஒருவேளை தானாகவே அடங்கியிருக்கும். அமெரிக்காவில், டெக்சாஸில் வேலை பார்க்கும் தம்பி, என் சித்தப்பா மகன், ஊருக்கு வந்தபோது சொன்ன ஒரு விஷயம் அதை அடங்கவிடாமல் செய்துவிட்டது. அவனுடைய பக்கத்து வீட்டு முதியவர் மான் வேட்டைக்குப் போகிறவர். அவர் கையில் இருப்பது எம்1 கேரண்ட் என்கிற பழைய ராணுவத் துப்பாக்கி. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் ஜான் கேரண்ட் வடிவமைத்து, 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் சிப்பாய்கள் தோளில் கிடந்தது, ஐம்பது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எட்டுத் தோட்டாக்களை ஓர் இரும்புக் கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்திவிட்டால் போதும். வெடித்த மருந்தின் வாயுவே காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே தள்ளி, துப்பாக்கியை மறுபடி ஆயத்தமாக்கிவிடும். சிப்பாய் விசையை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் சரி. எட்டாவது தோட்டா போனதும் கிளிப் டிங்கென்ற ஓசையோடு மேலே துள்ளி விழும். இரண்டு சுடுதலுக்கு நடுவில் மனிதனுக்கு இருந்த வேலையை முழுக்க எடுத்துவிட்ட இயந்திரம் அது. அந்த முதியவரோ அதே இயந்திரத்துக்குத் தேவையான தோட்டாக்களைத் தன் வீட்டு மேசையில், ஒவ்வொன்றாக, கையால் நிரப்புகிறாராம்.

தம்பி அதை விவரித்த விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. புல்லில் சிதறிய காலித் தோட்டாக்களைக் குனிந்து பொறுக்குவார். பித்தளையைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்தில் மெல்லிய வளையம்போல ஒரு பளபளப்பு தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுவார்; பித்தளை இழுபட்டுச் சன்னமாகிவிட்டது, அடுத்த முறை பிளக்கும் என்பதன் அடையாளம் அது. மீதியை அச்சில் விட்டு பழைய அளவுக்குக் கொண்டுவருவார். நீளம் அளப்பார். மருந்தைத் தராசில் நிறுப்பார். இந்தத் துப்பாக்கிக்கு எல்லா மருந்தும் ஒத்துவராது. மெதுவாக எரிகிற மருந்தைப் போட்டால் குண்டு குழலின் முனையருகே உள்ள வாயுத் துளையைக் கடக்கும்போது அழுத்தம் மிஞ்சிப்போய், துப்பாக்கியை இயக்குகிற நீண்ட கம்பி வளைந்துவிடும். தோட்டாவின் அடியிலுள்ள, மருந்துக்குத் தீப்பொறி கொடுக்கும் பிரைமர் ஒரு மயிரிழை மேலெழுந்து நின்றாலும், உள்ளே தளர்வாக ஆடும் ஊசி பட்டு, பூட்டு முழுதாக அடையுமுன்பே வெடிக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரல்நுனியால் தடவிப் பார்ப்பார். ஓர் ஊர் நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டுப் பெருவிரலில் தொட்டுப் பார்ப்பதைப் போல என்று தம்பி சொன்னான். சிந்திக்க நேரம் கொடுக்காத ஆயுதத்துக்கு, ஒரு மாலை முழுவதும் சிந்தித்துத் தோட்டா செய்கிற அந்த மனிதரைப் பற்றிக் கேட்டதும் எனக்குள் ஒரு மரியாதை பிறந்தது. அந்த மரியாதைதான் பிறகு உறுத்தத் தொடங்கியது. திண்ணையில் கம்பியால் குத்திய எங்கள் பெரியவரின் கையைப் பார்த்தபோது எனக்குள் அச்சமே இருந்தது. இரண்டு கைகளும் செய்தது ஒரே வேலை அல்லவா?

தம்பி சொன்னதில் இன்னொன்றும் உண்டு. ராணுவத்துக்கென்று செய்த குண்டு முழுக்க உலோக உறை போர்த்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதைக்கொண்டு மானைச் சுடக்கூடாது. அது உடலில் நுழைந்து நேராக வெளியேறிவிடும். விலங்கு உடனே விழாமல் எங்கோ ஓடிப்போய் மணிக்கணக்கில் சாகும். வேட்டைக்கு நுனி மென்மையான குண்டு வேண்டும், உள்ளே போனதும் மலர்ந்து விரிந்து, விலங்கை அங்கேயே வீழ்த்த வேண்டும். அந்த முதியவர் தோட்டாவைக் கையால் நிரப்புவதற்கு முக்கியக் காரணமே, தன் போர்த் துப்பாக்கிக்கு அடங்குகிற வேட்டைத் தோட்டாவை உருவாக்குவதுதான். இதைக் கேட்டபோது கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் நினைவுக்கு வந்தது. 1890களில் அங்கிருந்த ஆயுதச் சாலையில்தான் இப்படி விரியும் குண்டைப் பிரிட்டிஷ்காரர்கள் செய்தார்கள். எல்லைப்புற மலைவாசிகள் சாதாரணக் குண்டு பட்டும் விழாமல் ஓடிவருகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகளில் பெரும்பாலானவை, மனிதனுக்கு எதிரான போரில் அத்தகைய குண்டைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன. ஆக, மனிதனின் உடலில் பாய்ந்தால் கொடுமை என்று விலக்கிய குண்டு, மானின் உடலில் பாய்ந்தால் கருணை. ஒரே ஈயம்தான் இரண்டுமே. இதை முரண் என்று ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. போரில் எதிரியைக் காயப்படுத்தினாலே போதும், அவனைத் தூக்கிச் செல்ல இருவர் வருவார்கள், மருத்துவர் வருவார், அவனுக்கு ஒரு பெயரும் நாடும் உண்டு. காயம்பட்ட மானுக்கு யாரும் வரப்போவதில்லை. அதைத் தேடிப்போக வேண்டிய ஒரே ஆள் சுட்டவன். அவன் போகாவிட்டால் அந்த வலி யாருடைய கணக்கிலும் ஏறாமலேயே போய்விடும்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஒருபுறம் சேர்வராயன் மலை, மறுபுறம் சித்தேரி மலை. நடுவில் வாணியாற்றுப் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற சமவெளி. காடும் கழனியும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கும் பூமி இது. காவல் நிலையக் குறிப்புகளில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதப்படும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இந்த மலையடிவாரங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. அதன் குழலில் புரி கிடையாது. குண்டு சுழன்று நேராகப் போகாது. உள்ளே போடுவதும் ஒரே அளவான குண்டு அல்ல; கழற்றிப் போட்ட பேரிங்கிலிருந்து எடுத்த பால்ரஸ், உடைத்த ஈயத் துண்டு, கிடைத்தது எதுவோ அது. மருந்தின் வீரியம் ஒவ்வொரு முறையும் வேறு. மழைக்காலத்தில் அது ஈரம் குடித்துக் கிடக்கும், விசையை இழுத்த பிறகு தயங்கித் தயங்கி வெடிக்கும். அளவு மிஞ்சினால் குழலையே பிளந்து கெட்டித்தவன் முகத்தில் வெடிக்கும். நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் புதரில் ஏதோ அசைவதைப் பார்த்துச் சுட்டு, அது உடன்வந்த ஆளாக இருந்த செய்திகளைத் தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரிப் பத்திரிகைப் பக்கங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். செய்தியாகாதது மற்றொன்று. வயிற்றில் நான்கைந்து பால்ரஸ் தங்கி, புதருக்குள் போய்ப் படுத்து, புண் அழுகி நாட்கணக்கில் செத்த கேளையாடும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும். மாடு மேய்ப்பவர்கள் நாற்றத்தை வைத்து அவற்றைக் கண்டுபிடிப்பார்கள். டெக்சாஸ் முதியவரின் தராசு எனக்குள் மரியாதையை எழுப்பியது ஏன் என்று இப்போது புரிகிறது. அந்தத் தராசு, கண்ணுக்குத் தெரியாத ஒரு விலங்கின் வலியைச் சிறிதளவாவது முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி எழுகிறது. தராசு வாங்க முடிந்தவன் தராசில் நிறுக்கிறான். முடியாதவன் கண்ணால் அளக்கிறான். இதில் அறம் எங்கே வந்தது? பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், பென்னாகரத்தையும் அஞ்செட்டியையும் சுற்றியுள்ள காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்ததை எழுதியிருக்கிறார். அவர் கையில் .405 வின்செஸ்டர் ரைஃபிள், அதற்குத் தொழிற்சாலையில் செய்த தோட்டா. அவருக்குக் காட்டைக் காட்டியவர்கள் பைரா என்ற பூசாரியும் ரங்காவும். இருவரும் அவர் எழுத்தில் திருட்டு வேட்டைக்காரர்களாகவே வருகிறார்கள், அவர்களை அவர் மிகுந்த அன்போடுதான் எழுதுகிறார். ஒரே காடு, ஒரே ஓடை, ஒரே மான். தொழிற்சாலைத் தோட்டாவும் அரசாங்கக் காகிதமும் வைத்திருந்தவர் வேட்டைக்காரர். கையால் கெட்டித்தவர் திருடர். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தபோதே இந்தப் பெயரிடல் தொடங்கிவிட்டது. குடகு மக்களுக்கு மட்டும் அன்று கொடுத்த விலக்கு இன்னும் தொடர்கிறது, 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உண்மையாகவே பயிரைக் காக்க வேண்டியவருக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கத் தன் 13-ஆம் பிரிவில் இடம் வைத்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ, உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பயிரை மேயும் விலங்கையும் சுடக்கூடாது என்றது. துப்பாக்கி இருக்கலாம், சுட முடியாது. இந்த நிலையில் உரிமத்துக்கு எழுதிப்போடுவதே வீண் என்று மலையடிவாரத்து விவசாயி முடிவுகட்டுவதில் வியப்பென்ன? நீலகிரியின் அருவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக அரசுத் தொழிற்சாலை புகையில்லா மருந்து செய்துவருகிறது. நம் மலைகளில் இன்னும் கருமருந்தே கெட்டிக்கப்படுகிறது. அந்த இடைவெளியை வெறும் குற்றம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நடுகற்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். புலிகுத்திக் கல் உண்டு, பன்றிகுத்திக் கல்லும் உண்டு. கல்லில் அந்த வீரன் விலங்குக்கு ஒரு முழத் தொலைவில் நிற்கிறான். அவன் கையிலிருப்பது வாளோ ஈட்டியோ, விலங்கின் வாய் அவனுடைய காலையோ இடுப்பையோ எட்டிவிட்டிருக்கிறது. ஊருக்காக, மந்தைக்காக, விளைச்சலுக்காக நின்றவன். அவன் செத்ததால்தான் அவனுக்குக் கல். இதைப் பெருமையாகச் சொல்லி, நாட்டுத் துப்பாக்கிக்கு அந்த வீரத்தின் வாரிசுரிமையைக் கோருகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நானும் அந்த வாதத்தில் மனம் தோய்ந்து பார்த்ததுண்டு. ஆனால் கல்லின் முன் நின்று யோசிக்க யோசிக்க அது நிற்கவில்லை. குத்தியவனுக்கு முன்கூட்டிய நேரம் கிடையாது; அவன் கொன்ற கணமும் தீர்மானித்த கணமும் ஒன்றே. தன் உயிரைத் தட்டில் வைத்துத்தான் மற்றொரு உயிரை எடுத்தான். கெட்டிப்பவனுக்கோ ஒரு மாலை முழுக்க இருக்கிறது. டெக்சாஸ் மேசையிலும் சரி, சித்தேரித் திண்ணையிலும் சரி, எதிரே விலங்கு இல்லாத அந்த நிதானமான மாலைதான் இந்த வேலையின் சாரம். தானாகவே நிரம்பும் துப்பாக்கி அந்த மாலையை அழித்தது, கையால் நிரப்புகிறவன் அதைத் திரும்ப உண்டாக்குகிறான். நேரம் கிடைத்தவனிடம் கேள்வி கேட்கலாம். இது தேவையா, வேறு வழி இருக்கிறதா, அடிபட்டது விழாவிட்டால் தேடிப்போவாயா என்று கேட்கலாம். பதில் சொல்ல அவனுக்கு ஒரு பொழுது முழுக்க இருந்தது. ஆகவே பொறுப்பும் அவனுக்கே கூடுதல். கவனமாக நிறுத்துப் போட்டதாலேயே ஒரு கொலை சரியாகிவிடாது. ஆனால் கவனமில்லாமல் கெட்டித்த ஒவ்வொரு குண்டும் நிச்சயமாகத் தவறு. இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

தேவையா என்ற கேள்விக்கு ஊரில் கிடைக்கும் பதில் காட்டுப்பன்றி. அது பொய்யான பதில் இல்லை. ஒரு கூட்டம் பன்றி ஒரே இரவில் மரவள்ளிக் காட்டில் புகுந்தால் விடியும்போது கிழங்கு ஒன்றும் மிஞ்சாது, பாத்தி முழுக்க உழுது போட்டதாகக் கிடக்கும். வட்டிக்கு வாங்கி நட்டவனுக்கு அந்த விடியலைப் பார்க்கும் தெம்பு எங்கிருந்து வரும்? துப்பாக்கி இல்லாதவன் அவுட்டுக்காய் வைக்கிறான். தீனிக்குள் பொதிந்த வெடி பன்றியின் வாயில் வெடிக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. கடிப்பது மாடாக இருக்கலாம், யானைக்குட்டியாக இருக்கலாம். தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் அலைந்து செத்த யானைகளைத் தமிழ்நாட்டுக் காடுகள் பார்த்திருக்கின்றன. மற்றொருவன் வேலியில் மின்சாரம் விடுகிறான். 2023 மார்ச்சில் இதே தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்துத் தாயின் உடலைச் சுற்றி நின்றன. அவுட்டுக்காய், மின்வேலி, நாட்டுத் துப்பாக்கி மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வைக்கும்போதும் கெட்டிக்கும்போதும் எது சாகப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பன்றிப் பிரச்சினைக்கு ஒரு வரையறை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுகிற பொறுப்பைப் பயிற்சி பெற்ற கைக்கு மாற்றியது சரியான திசை. ஆனால் மலையை ஒட்டிக் கிடக்கும் வயலுக்கு அந்த மூன்று கிலோமீட்டர் எட்டவே எட்டாது. அங்கே பன்றிக்கும் மரவள்ளிக்கும் நடுவில் நிற்பது விவசாயியின் கண்விழிப்பு மட்டுமே.

உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையும் வனத்துறையும் இந்த மலையூர்களில் அவ்வப்போது கேட்கின்றன. சிலர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், பலர் கொடுப்பதில்லை. மிரட்டினால் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த மண்ணின் நினைவை அறியாதவர்கள். சித்தேரி மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணற்றுத் தண்ணீர் கெடுக்கப்பட்டது, ஊராரில் பலர் சிறைக்குப் போனார்கள். 269 பேர்மீது வழக்கு நடந்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதி வருவதற்குள் ஒரு தலைமுறை கிழடு தட்டிவிட்டது. சீருடையைப் பார்த்ததும் காட்டுக்குள் ஓடிய பெற்றோரின் பிள்ளையிடம், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்து வா என்று சொன்னால் அவன் வருவானா?

அதனால் இரு பக்கத்தாரிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. மலையடிவாரத்துச் சொந்தங்களே, மச்சிலும் கூரைச் சந்திலும் செருகி வைத்திருக்கும் அந்தக் குழலை இறக்கிவிடுங்கள். அது இன்று பயிரைக் காக்கவில்லை. மான்கறி விலைபேசுகிறவனுக்கும் தந்தம் தேடி வருகிறவனுக்கும்தான் அது கூலிவேலை செய்கிறது, சிறைக்குப் போவது நீங்கள். அரசாங்கத்திடம் கேட்பது இதுதான். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் வாங்காதீர்கள், கிராமசபையில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாங்குங்கள், வழக்கு இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள். பன்றி மேய்ந்த வயலை மூன்று நாளுக்குள் வந்து பாருங்கள், அடுத்த நடவுக்கு முன் இழப்பீட்டைக் கணக்கில் போடுங்கள். அந்தப் பணம் நேரத்துக்கு வந்து சேரும் ஊரில் துப்பாக்கி கெட்டிக்க ஒரு காரணம் குறையும்.